ஐந்துக்கு மூன்றரை

சனிக்கிழமைப் பக்கத்தில்
உள்ளங்கை அளவு இடம் எனக்கு.
மேலே மணமகள் தேவை,
கீழே போர்வெல் விளம்பரம்,
நடுவில் நான்,
வடசேரியிலிருந்து பார்வதிபுரம் வரை
பெயர்ப்பலகை சாய்ந்த கடைகளிலெல்லாம்
உட்கார்ந்து எழுந்தவன்.

வாசலில் சீருடைக்காரன் சல்யூட் வைக்கும் கடை
எனக்குச் சரிவராது.
கை கழுவும் இடத்தில்
ஒரு சோப்புத்துண்டு கிடந்தால் போதும்.
கரைந்து குழைந்திருந்தால் கூட்டம் உண்டு.
காய்ந்து வெடித்திருந்தால்
மீன் நேற்றையது.

சில வரிகள் நன்றாக அமைந்துவிடும்.
செட்டிகுளத்து ரசவடையை
'நனைந்த பிறகும் முறுக்குக் குறையாத ஆள்' என்றேன்,
ஒரு வாரம் பேசினார்கள்.
ஒழுகினசேரி புரோட்டாவுக்கு
ஏதோ எழுதினேன், மறந்துவிட்டது.
ஐந்துக்கு இரண்டு. ஐந்துக்கு மூன்று.
நாலு போடக் கை வராது,
கணக்கு வாத்தியார் மகன்.

ராமன்புதூர் இறக்கத்தில் டென்னிசன் கடை.
ஆறு மேசை.
ஒன்றின் காலுக்கு அட்டை மடித்து வைத்திருக்கும்.
எழுதினேன்:
'சாளைப் புளிமுளத்தில் புளி முந்தி ஓடுகிறது,
மிளகாய் மூச்சிரைக்கப் பின்னால் வருகிறது.
சோறு பரவாயில்லை.
ஆனால் அந்த மரச்சீனி மசியல்!
தேங்காயும் சீரகமும் பச்சைமிளகாயும்
ஒரே குரலில் பேசுகிற மசியல்.
இந்தக் கடைக்கு அதுதான் விலாசம்.'
மூன்றரை.

செவ்வாய்க்கிழமை போன் வந்தது.
புளியைச் சொன்னதற்குத்தான் இருக்கும் என்று
பதிலைத் தயாராக வைத்திருந்தேன்.

"புளி கூடுதல்தான் சார், அதுக்கு ஒண்ணுமில்ல.
மசியலப் பத்தி எழுதினீங்கல்லா,
அதாக்கும் வினை.
அண்ணைக்கு ரெத்தினபாய் வரல்ல,
மவளுக்குப் பேறு, ஆஸ்பத்திரியில கெடந்தா.
கெழங்கு நான் வேவிச்சது.
பதினோரு வருஷமா மசிக்கியது அவளாக்கும்,
ஒருத்தனும் ஒரு வரி எழுதினதில்ல.
இப்போ பேப்பர வெட்டி
அடுப்புக்கு மேல ஒட்டி வச்சிருக்கா.
எங்கிட்ட ஒரு வார்த்த மிண்டமாட்டேங்கா."

போனேன்.
பத்தே முக்கால், இலை விழாத நேரம்.
சுவரில் நான் எழுதியது ஆவியில் சுருண்டு,
என் பெயர் இருந்த மூலை மட்டும்
எண்ணெய் குடித்துக் கண்ணாடியாகியிருந்தது.
அதன் வழியே கரி தெரிந்தது.

ரெத்தினபாய் இரண்டு கிண்ணம் வைத்தாள்.
"ஒண்ணு நான் வச்சது.
ஒண்ணு மொதலாளி வச்சது.
பேப்பர்காரரு சொல்லட்டு."

தின்றேன்.
தண்ணீர் குடித்துவிட்டு மறுபடி தின்றேன்.
இதில் சீரகம்,
அதிலும் சீரகம்.
இதில் கறிவேப்பிலை கிழிந்து கிடந்தது,
அதில் முழுதாய்.
ஒன்பது வருடம் ஊருக்கெல்லாம் மார்க் போட்ட நாக்கு
கேள்வித்தாளைத் திருப்பித் திருப்பிப் பார்த்தது.
டென்னிசன் கல்லாவில்
எண்ணி முடித்த சில்லறையை மறுபடி எண்ணினான்.
வெளியே மார்த்தாண்டம் பஸ்
எதற்கோ நீளமாக ஹாரன் அடித்தது.

கையைக் காட்டிவிட்டிருக்கலாம்.
பாதிக்குப் பாதி சரியாக வந்திருக்கும்.

"தெரியல்ல" என்றேன்.

அவள் சிரிக்கவில்லை, முறைக்கவுமில்லை.
இரண்டு கிண்ணத்தையும்
ஒரே இலையில் கவிழ்த்துத் தட்டினாள்,
மேலே சாளைக்குழம்பை ஊற்றினாள்.
"செரி, தின்னுங்க.
புளி கொறச்சிருக்கு."

குறைத்துத்தான் இருந்தாள்.
நான் ரூபாய் நீட்டியபோது
டென்னிசன் அவளைப் பார்த்தான்,
அவள் "வாங்கும்" என்றாள்.
பதினொரு நாளில்
அவனிடம் அவள் மிண்டிய முதல் வார்த்தை
என்று பிறகு சொன்னான்.

கை கழுவப் போனேன்.
புது சோப்பு,
உறையில் பாதி இன்னும் கிழியாமல்.
அதற்கு என்ன அர்த்தமென்று
என் கணக்கில் இல்லை.

அந்தச் சனிக்கிழமை
போர்வெல் விளம்பரம்
உள்ளங்கை அளவு பெரிதாக வந்தது.